ஆள் இல்லாமல் வளரும் வாத்து

ஷார்ஜாவில் சுகந்தா வேலை பார்த்த வீட்டின் பின்முற்றத்தில் எட்டு வெள்ளை வாத்துகள் இருந்தன. சென்ற ஜூலையில் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்காக அவள் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். திரும்பி வந்தபோது இரண்டுதான் மிச்சம். தொட்டித் தண்ணீரை யாரும் மாற்றவில்லை. வெயிலில் அது கை வைக்க முடியாத சூட்டில் இருந்திருக்கிறது. வீட்டின் கடைசிக் குழந்தை ஷம்மாவுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மிஞ்சிய இரண்டையும் மேடம் யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

இந்த ஏப்ரலில் ஷம்மா மறுபடியும் வாத்து கேட்டாள். மேடம் சரி என்றாள். அதே வாரம் சுகந்தா ஆகஸ்டில் லீவு கேட்டாள்.

ஊரில், மஸ்கெலியாப் பக்கம் அவள் குடும்பம் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கு அரசாங்கத்தில் காணி கொடுக்கப் போகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச், நாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். புருஷன் இல்லாததால் காணி உறுதிப் பத்திரம் சுகந்தாவின் பெயரில் எழுதப்படும். மகள் பிரஷாந்தி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள்.

"அம்மா, ஆகஸ்ட் பதினாலாந் தேதியாம். பேர் இருக்கவங்கதான் நேர்ல வந்து கையெழுத்து வைக்கணுமாம். நான் வைக்க ஏலுமான்னு கேட்டேன். ஏலாதுன்னுட்டாங்க. வராட்டி லிஸ்ட்ல அடுத்த ஆளுக்கு போயிருமாம்."

சுகந்தா அதை மூன்று தடவை கேட்டாள். பிறகு மேடத்திடம் போனாள். பதினோரு வருடத்தில் வேலைக்குப் போதுமான அரபி அவளுக்கு வந்திருந்தது.

"ஆகஸ்டில் நாங்களும் இங்கே இல்லை. நீ போவதில் எனக்கு ஒன்றுமில்லை" என்றாள் மேடம். "ஆனால் போன வருடம் மாதிரி ஆனால் ஷம்மாவுக்கு யார் பதில் சொல்வது?"

"அஸீம் பார்த்துக்கொள்வான், மேடம்."

"அஸீம் டிரைவர். போன வருடமும் அவன்தான் இருந்தான்."

மேடம் கெட்டவள் அல்ல. எதையும் ஒரு தடவைதான் நம்புவாள்.

"சாகாத வாத்தாக நீயே பார்த்து வாங்கு. அஸீம் தினம் ஒரு தடவை வந்து தீனி போட்டால் பிழைக்கிற வாத்து. கிடைத்தால் ஆகஸ்டில் போ. கிடைக்காவிட்டால் டிசம்பர்."

மூன்று வாரம் சுகந்தா சமையலறையில் போனைச் சாத்தி வைத்துக்கொண்டு வாத்து வீடியோ பார்த்தாள். தமிழில் பார்த்தாள், சிங்களத்தில் பார்த்தாள், மொழி புரியாததையும் பார்த்தாள். வெள்ளை பெகின் கனமான வாத்து. சூட்டில் மூச்சு வாங்கும். நாள் முழுக்க நீந்தத் தண்ணீர் வேண்டும். காக்கி கேம்பல் முட்டைக்கு நல்லது. ஆனால் எதற்கும் பயந்து ஓடும், கத்தும். பக்கத்து வீட்டில் சுவருக்கு அந்தப் புறமே படுக்கையறை. மூன்றாவது, முகமெல்லாம் சிவந்த சதை தொங்கும் ஒரு வாத்து. கத்தாது. குடிக்கவும் மூக்கை நனைக்கவும் தண்ணீர் இருந்தால் போதும். ஈ, கரப்பான், புல் எல்லாம் தின்னும். வெயில் தேசத்து வாத்து.

மே மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் அஸீம் அவளைப் பறவைச் சந்தைக்குக் கூட்டிப் போனான். கீழக்கரைக்காரன், முப்பது வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சுகந்தா ஒவ்வொரு கூண்டின் முன்னும் குனிந்து நின்றாள். காலைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், பின்புறத்தைப் பார்த்தாள்.

"வாத்து வாங்க வந்த மாதிரி இல்லக்கா. மாப்பிள்ள பாக்க வந்த மாதிரி இருக்கு."

"மாப்பிள்ள பாக்கயில இவ்வளவு பாக்கல்ல. பாத்திருக்கணும்."

கடைக்காரர் பாகிஸ்தானி. குழந்தைக்கு என்றால் வெள்ளைதான் அழகு என்றார் இந்தியில். சுகந்தா சிவப்பு முகத்து வாத்தைக் காட்டினாள்.

"இதா? எங்க ஊர்ல மணிலா வாத்தும்பாங்க" என்றான் அஸீம். "மூஞ்சியப் பாத்தீங்களா? அம்மை போட்ட மாதிரி."

"மூஞ்சிய வச்சு என்ன செய்ய? சாகாது."

அஸீம் அவளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனான்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆள் இல்லாமலே வளர்ற வாத்த வாங்குறீங்க. நீங்க போன பெறகு வாத்தும் நல்லா இருக்கு, வீடும் நல்லா இருக்குன்னா, திரும்ப விசா எதுக்குன்னு மேடம் நெனைக்க மாட்டாங்களா?"

சுகந்தாவும் அதை நினைத்திருந்தாள். காணி கிடைத்தால் அதில் வீடு கட்ட இந்த வேலை வேண்டும். வேலைக்காக இங்கேயே இருந்தால் காணி இல்லை.

"மொதல்ல கையெழுத்து" என்றாள். "ஒரு ஆண், அஞ்சு பொட்டை. பறக்குற சாதி இது. வீட்டுக்குப் போனதும் ஒரு பக்கத்து எறகை வெட்டணும்."

ஷம்மா வாத்துகளைப் பார்த்து முதலில் பின்வாங்கினாள். அதற்கு முகத்தில் காயமா என்று கேட்டாள். காயம் இல்லை, பிறப்பே அப்படித்தான் என்றாள் சுகந்தா. அடுத்த நாள் ஷம்மா ஆண் வாத்துக்கு வெள்ளரிக்காய் கொடுத்தாள்.

ஜூலை தொடங்கியதும் மேடம் சொன்னாள்: "ஒரு வாரம் நீ முற்றத்துக்குப் போகாதே. அஸீம் மட்டும் போகட்டும். பார்ப்போம்."

முற்றத்தில் கேமரா இருந்தது. மேடத்தின் போனில் அது தெரியும்.

நான்கு நாள் ஒன்றும் ஆகவில்லை. அஸீம் காலையில் தீனி போட்டான், தொட்டியை நிரப்பினான். சுகந்தா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஐந்தாம் நாள் அவன் ஒரு விருந்தாளியை அழைத்துவர விடியுமுன் துபாய் ஏர்போர்ட் போனான்; விமானம் தாமதமானது. தொட்டியில் முந்தின நாள் தண்ணீர்தான். பத்து மணிக்கு ஆண் வாத்து ஏறி நின்று தொட்டியைக் கவிழ்த்தது. பதினொன்றுக்குத் தரை காய்ந்துவிட்டது. பன்னிரண்டுக்கு வாத்துகள் சுவர் ஓரமாக வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தன.

சுகந்தா போன் செய்தாள்.

"அல் நஹ்தாகிட்ட நிக்கிறேங்க்கா. முன்னாடி ஆக்சிடென்ட். வண்டி நகரல."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரமாகும். கூடவும் ஆகலாம். நீங்க போய் ஊத்துங்களேன்."

"ஊத்தினா லீவு இல்ல."

"செத்தாலும் லீவு இல்லியே."

அவள் போனை வைத்தாள். கதவுக்குப் பக்கத்தில் வாளி இருந்தது. அதைத் தூக்கினாள், வைத்தாள். ஜன்னலுக்கு வந்தாள். சுவரில் மேல்மாடி ஏசியின் குழாய் இறங்கி வந்து தரைக்கு ஒரு முழம் மேலே முடிந்திருந்தது. அதிலிருந்து எப்போதாவது ஒரு சொட்டு விழுந்தது. மாடியில் ஒரு ஏசிதான் ஓடிக்கொண்டிருந்தது.

சுகந்தா மாடிக்குப் போனாள். ஆள் இல்லாத மூன்று அறைகளிலும் ஏசியைப் போட்டுப் பதினெட்டில் வைத்தாள். அன்று காற்றில் ஈரம் அதிகம். வெளியே போனால் கண்ணாடி மங்கும் நாள். இருபது நிமிடத்தில் சொட்டு வேகமானது. அரை மணியில் நூலாக இறங்கியது. பெட்டை ஒன்று முதலில் எழுந்து போனது. பிறகு எல்லாம் போயின. ஈர மண்ணில் மூக்கை விட்டுத் துழாவின, குடித்தன, அங்கேயே படுத்துக்கொண்டன. அஸீம் வரும்போது மணி இரண்டரை.

மாடியில் ஏன் ஏசி ஓடியது என்று மேடம் மாலையில் கேட்டாள். அறைகளைத் துடைத்தேன் என்றாள் சுகந்தா. உண்மையிலேயே துடைத்திருந்தாள்.

வாரம் முடிந்தது. ஆறும் உயிரோடு இருந்தன.

"நல்ல வாத்து" என்றாள் மேடம். "யாரும் வேண்டாம் அதற்கு. ஆகஸ்ட் எட்டாம் தேதி போ. போகிற டிக்கெட் போடுகிறேன். வருகிற டிக்கெட்டை செப்டம்பரில் பார்க்கலாம்."

செப்டம்பரில் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பப்பட்ட இரண்டு பேரை அந்தத் தெருவிலேயே சுகந்தாவுக்குத் தெரியும். இருவரும் திரும்பி வரவில்லை.

அந்த ஒரு வாரம் தவிர, அன்றுவரை தினமும் முட்டைகளை எடுத்துச் சமையலறையில் வைப்பாள். மறுநாளிலிருந்து முற்றத்துப் படிக்கட்டின் கீழ் இட்ட பெட்டையின் முட்டைகளை மட்டும் எடுக்கவில்லை. அந்த இடத்தில் வெயில் படாது. பேரீச்சை ஓலையைக் கிழித்துப் போட்டு வைத்தாள். ஜூலை முப்பத்தொன்றாம் தேதி பதின்மூன்று முட்டை சேர்ந்திருந்தது. பெட்டை தன் மார்பு இறகைப் பிடுங்கிப் பரப்பிக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்தது. கிட்டே போனால் சீறியது.

சுகந்தா ஷம்மாவை அழைத்துக் காட்டினாள்.

"குஞ்சு எப்போது வரும்?"

"முப்பத்தைந்து நாள். நீ லண்டனில் இருந்து வந்த பிறகு."

"எத்தனை?"

"பத்து வரலாம்."

"அதற்கெல்லாம் யார் தண்ணீர் வைப்பது?"

சுகந்தா வீட்டுக் கதவைப் பார்த்தாள். ஷம்மா உள்ளே ஓடினாள். சாப்பாட்டு மேசையில் அதே கேள்வியை அம்மாவிடம் கேட்டாள், பிறகு அப்பாவிடம் கேட்டாள், மறுபடி அம்மாவிடம். மறுநாள் காலையில் மேடம் சுகந்தாவின் போனுக்கு டிக்கெட்டை அனுப்பினாள். போக எட்டாம் தேதி. வர செப்டம்பர் இரண்டு.

எட்டாம் தேதி அஸீம் அவளை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போனான். அடையாள அட்டையும் பாஸ்போர்ட்டும் மடியில் இருந்த பையில் இருந்தன. தொட்டியை இரண்டாக்கியாயிற்று, மாடி ஏசி ஒன்றை எப்போதும் அணைக்கக் கூடாது, அதற்கு மேடத்திடம் கேட்டாயிற்று என்று அவள் மறுபடியும் சொன்னாள். அவன் தலையாட்டினான்.

"குஞ்சு பொரிச்சா ரொம்ப வேல இருக்குமோக்கா?"

"என்னா வேல? தாய் கூட்டிட்டு திரியும். தீனி போட்டா போதும்."

அஸீம் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"மேடத்துகிட்ட அத சொன்னீங்களா?"

"அவங்க கேக்கல்ல" என்றாள் சுகந்தா. பையைத் திறந்து அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்தாள்.