தக்ரார்

சுனாமிக்கு மறு வருஷம், உப்பளக் கூலி போதாமல் சாலமன் குவைத்துக்குப் போனான். போன இருபதாம் நாள், ஒரு புதன்கிழமை, மரக்காணத்து எஸ்டிடி கடைக்கு அவன் மனைவி சகாயசெல்வி பேருக்கு ஒரு ஃபேக்ஸ் வந்தது. முழுக்க அரபி. அடியில் மட்டும் அவன் கையெழுத்து: 'இங்க குடுத்தாங்க. ஒண்ணும் புரியல. ஏஜென்ட்கிட்ட காட்டு. ஞாயித்துக்கிழமை பேசறேன்.'

கடைக்கார நிஜாம் எழுத்துக்கூட்டிப் பார்த்தார்.

"எனக்கு ஓதத்தாம்மா தெரியும், அர்த்தம் தெரியாது. ஆனா இந்த வார்த்தை தக்ரார். தகராறுதான்."

அவள் தாளை வாங்கி மறுபடி பார்த்தாள். சாலமன் முன்கோபி. போன மாசிகூட மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தவன். அங்கே யாரை அடித்தானோ?

வியாழக்கிழமை பாண்டிச்சேரிக்குப் போனாள். ஏஜென்ட் அறை பூட்டியிருந்தது. உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை உப்புக்கூடையை வேறொருவர் குவியலில் கொட்டித் திட்டு வாங்கினாள். மதியம் சோற்றுத் தூக்கைத் திறக்காமலே கிளியனூர் கிளம்பினாள். நிஜாமின் மச்சினி ஹபீபுன்னிசா அங்கே இருந்தாள். அரபிக் காலேஜில் படித்தவள்.

தாளை வாங்கிப் படித்த ஹபீபுன்னிசா சிரித்துவிட்டாள்.

"யாரும் யாரையும் அடிக்கலக்கா. தக்ரார்னா திரும்பவும் செய்யறது. அரபியில அதான், பாரசீகத்துக்குப் போயும் அதான். நம்ம பக்கம் வந்துதான் சண்டையாயிடுச்சு. சொன்னதையே சொல்லிக்கிட்டிருந்தா சண்டைதானே வரும்?"

"அப்ப இதுல என்ன எழுதியிருக்குது?"

"நெஞ்சு எக்ஸ்ரே. திரும்பவும் எடுக்கணுமாம்."

செல்வி தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"எதுக்குத் திரும்பவும்?"

"அது எழுதலக்கா."

அங்கே மெடிக்கல் சோதனையில் தவறியவர்களை அடுத்த விமானத்திலேயே ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். திரும்பும் பஸ்ஸில் இடமிருந்தும் உட்காரவில்லை. கிளம்பும் முன் அவன் இருமினானா என்று யோசித்தாள். ஒரு நிமிஷம் இருமியதாகத் தோன்றியது, மறு நிமிஷம் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து நேரே கடைக்கு வந்து நின்றவளுக்கு நாலு மணிக்குத்தான் போன் வந்தது.

"மொதல்ல எடுத்த படம் மங்கலா வுழுந்துடுச்சாம். மறுபடி எடுத்தாங்க. ஒண்ணுமில்லன்னு சீல் குத்திட்டாங்க. நாளையிலேர்ந்து வேலை."

"புரியாத பேப்பர அனுப்பிட்டு நாலு நாளா உசுர வாங்கிட்டியே!" என்று கத்தினாள். ரிசீவரைப் பிடித்தபடி அழுதாள். நிஜாம் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.