சாவு எழுதாத பாரம்

மலேசியாவின் ஸ்கூடாயில் பயணக் காப்புறுதி விற்கும் சாந்தினி இரண்டு பாரங்களை நீட்டினாள். "இதுதான் நல்லதுக்கா. இந்தியாவுல ஆள் செத்துட்டா, உடம்ப வீட்டுக்கே கொண்டு வந்து சேத்துருவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோயிலுக்குக் கிளம்புற நேரத்துல என்ன பேச்சுலா இது? சாவுன்னு எழுதாத பாரத்தக் குடு!"

என் கணவர் மகேஸ்வரன் சிரித்துக்கொண்டே நான் கேட்ட பாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

பயணத்தின் நான்காம் நாள், திருவண்ணாமலையில் கிரிவலம் போகும்போது மாரடைப்பில் சரிந்தார். இப்போது பிணவறை வாசலில் நிற்கிறேன். கைப்பேசியில் மகன் அழுகிறான். அவனுக்குப் பாஸ்போர்ட்கூட இல்லை.

"அம்மா, வாசல்ல பந்தல் போட்டாச்சு. அப்பாவ எப்ப கொண்டு வருவாங்க? நான்தானே கொள்ளி வைக்கணும்?"

நான் எந்தப் பாரத்தைக் கேட்டு வாங்கினேன் என்று அவனுக்குத் தெரியாது.