மேல்தண்ணீர்

"அம்மா, நம்ம சாமியும் சகாதேவன் மாமா சாமியும் கண்ண மூடிக்கினு ஒரே எடத்தையா பாக்கறாங்க?"

வினோதினி ஆறு வயதில் கேட்டது. உப்பளத்தில் அம்சவல்லியின் கொட்டகையில் தியானத்தில் அமர்ந்த சிவன் படம். வரப்புக்கு அந்தப் பக்கம் சகாதேவனின் கொட்டகையில் சின்னப் புத்தர் சிலை. மகள் இப்போது புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். அம்சவல்லிக்கு இன்னும் பதில் அகப்படவில்லை.

அவள் காலையில் பாத்தியில் இறங்குமுன் சிவநாமம் சொல்வாள். சகாதேவன் வரப்பில் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பார். நீ பேரைச் சொல்லி மனதை அடக்குகிறாய், நான் மூச்சைப் பார்த்து அடக்குகிறேன், ரெண்டும் ஒரு வேலைதான் என்பார்.

"அடங்குச்சாண்ணே?"

"கொசு கடிக்கிற வரைக்கும்."

போன கோடையில் திடீரென மழை பிடித்துக்கொண்டது. மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேலேதான் நிற்கும், கலக்காமல் வடித்தால் அடியிலுள்ள உப்பு பிழைக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பதறிப்போய் பலகையோடு உள்ளே குதித்து உப்பை இழுக்கத் தொடங்கினாள். அவள் கலக்கக் கலக்க உப்பு கரைந்தது.

"அம்சா, வெளிய வா. உன் காலுதான் உப்பத் தின்னுது" என்று சகாதேவன் ஓடிவந்தார். வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினாள். அவர் அவளுடைய மற்ற பாத்திகளை வடித்துக் கொடுத்தார். திரும்பிப் போனபோது அவருடைய உப்பு கரைந்திருந்தது. அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. வெட்கத்தில் அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த வருஷம் உப்பு நன்றாகப் பூத்திருந்தது. இதுவும் போனால் குத்தகை வேறு கைக்குப் போய்விடும். மறுநாள் உப்பை வாருவதாக இருந்தபோது, வைகாசிப் பௌர்ணமி அன்று மத்தியானம், வடக்கே வானம் கறுத்தது. புத்த பௌர்ணமி வழிபாட்டுக்காக சகாதேவன் சென்னைக்குப் போயிருந்தார். மற்ற ஆட்கள் சாப்பாட்டுக்கு ஊருக்குள் போயிருந்தார்கள்.

முதல் துளி விழுந்ததுமே கை பலகையைத் தேடியது. கால் பாத்தியின் விளிம்புவரை போய்விட்டது. அங்கேயே நின்றாள். சிவசிவ என்றாள். பேரோடு மூச்சும் உள்ளே போய் வெளியே வந்தது. எது பேர், எது மூச்சு என்று பிரிக்க முடியவில்லை. அட, ஒரே இடம்தான் என்று தோன்றியது. மழை அவள் தலையில் கொட்டியது. உள்ளே ஒரு சொட்டும் கலக்கவில்லை.

மெல்லக் குனிந்து மடையை அடைத்திருந்த சேற்றில் மேலே விரலளவு மட்டும் வழித்தாள். மேல்தண்ணீர் பட்டுச்சேலை நழுவுவதுபோல வழிந்தது. பாத்தி பாத்தியாக நகர்ந்தாள், ஓடவில்லை. கடைசி மடையில் நின்று திரும்பிப் பார்த்தபோது அடியில் உப்பு அத்தனையும் வெள்ளைவெளேரென்று கிடந்தது. ஆளில்லாத அளத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். இனி எந்த மழையும் வரட்டும் என்றிருந்தது.

பிறகு வரப்பைத் தாண்டினாள். சகாதேவனின் ஏழு பாத்திகளையும் அப்படியே வடித்தாள். வடிந்ததும் ஒவ்வொரு மடையிலும் சேற்றைத் திரும்ப அப்பி, விரல்தடம் தெரியாமல் உள்ளங்கையால் நீவிவிட்டாள். வரப்பில் பதிந்த காலடிகளை மிச்சத் தூறல் அழித்துக்கொண்டிருந்தது.

சகாதேவனின் கொட்டகைக் கதவு காற்றில் திறந்துகிடந்தது. உள்ளே இருந்தவர் புத்தர் ஒருவர்தான். அவரும் கண்ணை மூடியிருந்தார்.