ஏற்றத்தில் நின்ற டாட்ஜ்

என் மனைவி மயக்க மருந்து மருத்துவர். உறங்கும் நோயாளியின் மூச்சில் சிக்கல் வரப்போவதைக் கருவிகளுக்கு முன்பே அவள் காது கண்டுபிடித்துவிடும் என்று அறுவை அறையில் சொல்லிக்கொள்வார்களாம். நான் அதைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டின் பின்புறக் கொட்டகையில் நடப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். அங்கே நாற்பத்தெட்டாம் ஆண்டு பியூக், ஐம்பத்துநாலு போன்டியாக், ஐம்பத்தேழு செவ்ரொலே, ஐம்பத்தொன்பது இம்பாலா என்று நான்கு அமெரிக்கக் கார்கள் நிற்கின்றன. ஞாயிறுதோறும் ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "மூணாவது சிலிண்டர் சரியா மூச்சு விடலைங்க" என்பாள். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதுதான்.

நான் கணக்கு வாத்தியார். கல்யாணமான புதிதில் வீடு தேடியபோது, நான் அறைகளை எண்ணினேன். அவள் வாசலின் அகலத்தை அளந்தாள். அப்போது எங்களிடம் ஒரு சைக்கிள்தான் இருந்தது. "எதுக்கு இது?" என்றேன். "பியூக் ஆறரை அடிங்க, பக்கக் கண்ணாடி தூண்ல உரசாம உள்ளே வரணுமில்ல?" என்றாள். பியூக் வந்தது ஏழு ஆண்டுகள் கழித்து. கண்ணாடி உரசாமல்தான் உள்ளே வந்தது.

இந்தப் பித்துக்குத் தொடக்கம் ஒரு தொண்டைவலி. ஏழு வயதில் தொண்டைச் சதை அறுக்க அவளை ஒரு வாடகைக் காரில் கொண்டுபோயிருக்கிறார்கள். அழுதபடி முன்னிருக்கையில் அம்மா மடியில் இருந்தவள், காரின் நீண்ட மூக்கின் நுனியில் பாய்வதற்குத் தயாராக நின்ற ஒரு வெள்ளி ஆட்டுக்கடாவைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டாள். அந்தக் கார் டாட்ஜ் கிங்ஸ்வே. அதன் பிறகு வந்த நான்கையும் அவள் உயிராய்ப் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் தேடியது அதைத்தான். கேள்விப்பட்ட கிங்ஸ்வே ஒவ்வொன்றும் அவள் போய்ச் சேர்வதற்குள் பழைய இரும்பாகியிருந்தது. மிஞ்சியது ஒன்றே ஒன்று: ஒரு பேக்கரிக்காரரின் பின்கட்டில், முப்பத்தொரு ஆண்டுகளாக நகராமல்.

பதினொரு ஆண்டுகள் அவருக்குக் கடிதம் எழுதினாள். "அப்பா இருக்கிறவரைக்கும் இந்தப் பேச்சே வேண்டாம்" என்று ஒரு முறை பதில் வந்தது. அப்பா இறந்து நான்காம் ஆண்டு, அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். புது அடுப்புக்காகக் கொட்டகையை இடிக்கிறார். வண்டிக்கு வேறு இடமில்லை. ஆனால் அப்பா ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"பொணத்தைத் தூக்குற மாதிரி யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாது. எந்த ஏத்தத்துல நின்னுச்சோ, அதைத் தன் காலால ஏறணும். ஏத்திக் காட்டறவங்களுக்கு வண்டி. அப்பா வாக்கு, டாக்டரம்மா. அதை மீறி எனக்குக் கை வராது."

ஏற்றம் என்பது பேக்கரியின் பின்வாசலிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் சந்து. எழுபது கெஜம் இருக்கும்; மாவு மூட்டை சுமப்பவர்கள் நடுவில் ஒருமுறை நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குச் செங்குத்து. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தவணை. மூன்றாம் ஞாயிறு பிற்பகல் கொத்தனார் சுவரில் கை வைத்துவிடுவார்.

முதல் ஞாயிறு சக்கரங்களுக்குப் போனது. இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளை அவள் எதிர்த்திசையில் திருப்பிக் கழற்றியதைப் பேக்கரிக்காரர் வாய் பிளந்து பார்த்தார்.

"இந்தப் பக்கம் மரை தலைகீழா இருக்கும்" என்றாள் அவள்.

"அப்படியா! அதனாலதான் எங்க அப்பா இடப்பக்கம் டயரே மாத்தினதில்லை. அவசியமில்லைன்னு சொல்லுவார். கழட்டத் தெரியலைன்னு சொன்னதே இல்லை."

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். முன்கை முழுக்க அடுப்புச் சூட்டுத் தழும்புகள். முதலில் எட்ட நின்று பேசியவர், இரண்டாம் ஞாயிறு பிரேக்கும் கார்புரேட்டரும் பெட்ரோல் குழாயும் சுத்தமானபோது, தானே தரையில் படுத்து விளக்குப் பிடித்தார். பின்னிருக்கைக்கு அடியிலிருந்து ஒரு கைப்பிடி காய்ந்த ரொட்டித் துகள் வந்தது. "முப்பத்தொரு வருஷத்துச் சரக்கு. ஃப்ரெஷ்ஷா இருக்கா பாருங்க" என்று என்னிடம் நீட்டினார்.

மூன்றாம் ஞாயிறு காலை புது ஆறு வோல்ட் பேட்டரியோடு போனோம். மின்கம்பிகளின் இரண்டு கவ்விகளிலும் பழைய வண்ணப்பூச்சு இருந்தது: எஞ்சினுக்குப் போவதில் சிவப்பு, பாடியில் முறுக்கியிருந்ததில் கறுப்பு. அவள் ஒரு கணம் தயங்கினாள்.

"இதுல பாடிக்கு வர்ற எர்த் எந்த முனைன்னு..." என்று தொடங்கியவள், "சரி, அடையாளம் போட்டிருக்காங்களே. அதுபடியே மாட்டுங்க" என்றாள்.

அவளுடைய விதி அது. முன்பு வைத்திருந்தவர் போட்ட எந்த அடையாளத்தையும், முழுதாகப் புரியும்வரை மாற்றக் கூடாது. வண்டியோடு வாழ்ந்தவருக்கு வாங்க வந்தவரைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பாள். அந்த மரியாதையாலேயே நான்கு கார்களைத் தவறில்லாமல் உயிர்ப்பித்தவள். நானும் கறுப்பை எதிர்முனையிலும் சிவப்பை நேர்முனையிலும் மாட்டினேன். கவ்விகள் சரியாக உட்காரவில்லை. ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வு. தளர்ந்த கவ்விக்குள் ஏற்கெனவே ஒரு தகரத் துண்டு சுற்றியிருந்தது. அதோடு சேர்த்து இறுக்கினேன்.

எஞ்சின் நான்காம் முயற்சியில் பிடித்தது. முப்பத்தொரு ஆண்டு மௌனம் ஒரு செருமலோடு கலைந்து, பிறகு தாளத்துக்கு வந்தது. பேக்கரிக்காரர் தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டார். கொத்தனார், சுத்தியலில் சாய்ந்திருந்தவர், "அடேங்கப்பா, தாத்தா எந்திரிச்சிட்டாரே!" என்றார்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிங்ஸ்வே கொட்டகையை விட்டு வந்து, சந்தில் திரும்பி, ஏறத் தொடங்கியது. முப்பது கெஜம் அழகாகப் போயிற்று. பாதியில் இருமியது. அவள் முதல் கியருக்குக் குறைத்தாள், இன்னும் பத்து அடி, நடுங்கி நின்றுவிட்டது. கொத்தனார் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். மறுபடி முயன்றாள். அதே இடம், அதே இருமல்.

"அன்னைக்கும் இங்கதான்" என்றார் பேக்கரிக்காரர் தாழ்ந்த குரலில். "இதே மின்கம்பத்துக்கு நேரா. ரெண்டு மெக்கானிக் பார்த்தாங்க. ஜெனரேட்டர் போச்சுன்னாங்க, எஞ்சினே போச்சுன்னாங்க. சார்ஜ் காட்டுற முள்ளு எப்பவும் குறையற பக்கமே நிக்கும். அப்பா சாவியைக் கழட்டிட்டார். அதுக்கப்புறம் பத்து வருஷம் இந்த ஏத்தத்துல ரொட்டிக் கூடையோட சைக்கிளைத் தள்ளிக்கிட்டே போனார்."

வண்டியைப் பின்னால் உருட்டி மீண்டும் சமதளத்துக்குக் கொண்டுவந்தோம். கொத்தனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததை மறைக்கவும் பார்த்தார். என் மனைவி எஞ்சினை ஓடவிட்டு, முன்பலகையில் மின்சாரம் நிறைவதையும் குறைவதையும் காட்டும் முள்ளை உற்று நோக்கினாள். வேகம் கூட்டக் கூட்ட, முள் குறையும் பக்கம் மேலும் மேலும் போனது.

"ஜெனரேட்டர் செத்திருந்தா முள்ளு இப்படி ஆடாது. இது வேலை செய்யுது" என்று தனக்குத்தானே சொன்னவள், எஞ்சினை நிறுத்தினாள். "என்னங்க, முன் விளக்கைப் போடுங்க."

போட்டேன். எஞ்சின் ஓடவில்லை, விளக்கு மட்டும் எரிந்தது. முள் நிறையும் பக்கம் நகர்ந்தது.

"ஆஹா!" என்றேன். "விளக்கு எரிஞ்சா பேட்டரி நிறையுது. உலகத்துல மின்சாரப் பஞ்சமே தீர்ந்துச்சு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் முப்பது ஆண்டுத் தாம்பத்தியத்தில் நான் ஒருமுறைகூடப் பெறாத பாராட்டு இருந்தது. இறங்கி ஓடிப்போய்ப் பேட்டரியின் மேல் குனிந்தாள். தளர்ந்த கவ்விக்குள் இருந்த தகரத் துண்டை இழுத்தெடுத்தாள்.

"பேட்டரியில நேர்முனைதான் கொஞ்சம் தடிமன். தடிமனான முனைக்குன்னு செஞ்ச கவ்வியை யாரோ ஒல்லி முனையில மாட்டியிருக்காங்க. தளர்ந்ததும் தகடு வெச்சிருக்காங்க. இன்னொண்ணை நெம்பி அகலமாக்கியிருக்காங்க. இந்த வண்டிக்கு நேர்முனைதாங்க பாடிக்கு வரணும். எல்லாமே தலைகீழ். எஞ்சின் ஓடும், ஆனா பொறி பலமா விழாது. சமதளத்துல தெரியாது, ஏத்தத்துல மூச்சு வாங்கும். என் நாலு வண்டியிலயும் எதிர்முனை பாடிக்கு. அந்தப் பழக்கத்துல, சிவப்பையும் கறுப்பையும் பார்த்ததும் நானும் நம்பிட்டேன் பாருங்க!"

பேக்கரிக்காரர் கொத்தனாருக்குத் தேநீர் எடுக்க உள்ளே போயிருந்தார். நான் அவள் காதருகே சொன்னேன்:

"சத்தமில்லாம மாத்திப் போட்டு ஏத்திடு. கேட்டா கார்புரேட்டர்னு சொல்லு."

"ஏன்?"

"அந்தத் தகட்டைப் பாரு."

அது ஒரு பிஸ்கட் டின் மூடியிலிருந்து வெட்டியது. பேக்கரியின் பெயரில் பாதி இன்னும் படிக்க முடிந்தது. பத்து ஆண்டுகள் சைக்கிள் தள்ளியவர் தன் கையால் அதை வெட்டியிருக்க வாய்ப்பில்லை. டயரையே கழற்றாதவர் அவர்.

அவள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்: ஐம்பத்தோரு ஆண்டுகளாகத் தேடிய ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. கம்பியை மாற்றினால் ஏறிவிடும். ஏறினால் அவளுடையது.

"முப்பத்தொரு வருஷமா இந்த வண்டி மேல பழி, எஞ்சின் போச்சுன்னு. அதுக்கு ஒண்ணுமே ஆகலை. இன்னொரு பொய்யைச் சொல்லி நானும் அதைக் கெட்டதாக்கணுமா?"

"அந்த மனுஷனுக்கு வலிக்காதா?"

"வலிக்கும். ஆனா நோய் இல்லாத உடம்புக்கு நோய்னு சீட்டு எழுத எனக்குத் தெரியாது."

தேநீரோடு வந்தவர் தகட்டைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இது நான் வெட்டிப் போட்டது" என்றார். "அப்பா வெளியூர் போயிருந்தார். பேட்டரி மாத்தி, பெயின்ட் அடிச்சு, வந்ததும் ஆச்சரியமா இருக்கட்டும்னு... பத்தொன்பது வயசு எனக்கு."

அவள் முழுவதையும் சொன்னாள். குறைக்கவில்லை, கூட்டவில்லை. நோயாளியின் உறவினரிடம் பேசும் குரல் அது. வீட்டில் அதை நான் கேட்டதில்லை. அவர் தேநீர்க் குவளைகளை மதில்மேல் ஒவ்வொன்றாக வைத்தார்.

"அப்போ வண்டிக்கு ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லை, தம்பி. அன்னைக்கும் இல்லை."

தகட்டை அவள் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "மாத்துங்க" என்றார்.

பேட்டரியைத் திருப்பி வைத்தாள். தடிமனான முனையில் பாடியின் கவ்வி தகடு இல்லாமலே கச்சிதமாக உட்கார்ந்தது. நெம்பி அகலமாக்கிய மற்றதை இறுக்கிச் சரிசெய்தாள். ஒரு கம்பித் துண்டால் ஒரு கணம் பொறி பறக்கத் தொட்டு, ஜெனரேட்டருக்கும் மின்சாரத்தின் புதிய திசையைச் சொல்லிக்கொடுத்தாள். சாவியைத் திருகியதும் முதல் முயற்சியிலேயே எஞ்சின் பிடித்தது. இம்முறை செருமல் இல்லை. அந்த ஒலியைக் கேட்டதும் அவள் தோள்கள் தளர்ந்தன.

பிறகு அவள் செய்ததை நான் இன்றும் முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி, பேக்கரிக்காரருக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"நீங்க ஏத்துங்க."

"நானா? டாக்டரம்மா, நீங்கதானே..."

"ஏறுங்க. கிளட்சை மெதுவா விடுங்க."

நான் அவள் கையைக் கிள்ளினேன். "ஏத்தறவங்களுக்கு வண்டின்னு சொன்னாரே! மறந்துட்டியா?"

"ஞாபகம் இருக்குங்க."

கிங்ஸ்வே ஏறியது. மின்கம்பத்தை அடைந்தது. இருமவில்லை. முதல் கியரில் நிதானமாக, சுமை தெரியாத ஒரு பெரிய விலங்கைப் போல, சந்தின் முழு நீளத்தையும் ஏறி, உச்சியில் ஒருகணம் வானத்துக்கு எதிரே நின்று, பெரிய சாலையில் திரும்பி மறைந்துவிட்டது.

கால் மணி நேரம் வரவில்லை. கொத்தனார் இரண்டு தேநீரையும் குடித்து முடித்தார்.

"போனவர் போனவர்தான் போல" என்றார். "நான் இடிக்கவா, வேண்டாமா?"

திரும்பி வந்தபோது பேக்கரிக்காரர் கண்கள் சிவந்திருந்தன. இறங்காமலே பேசினார்.

"அப்பா வாக்குப்படி இப்போ வண்டி எனக்கு, டாக்டரம்மா. இப்படிச் சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு. மூணு ஞாயிறு உழைச்சது நீங்க. ஆனா குடுக்க மனசு வரலை."

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து, முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாத்தணும்" என்றாள் பிறகு. "ஃபேன் பெல்ட் பழசு, அறுந்துடும். என்கிட்ட புதுசு இருக்கு, எடுத்துக்குங்க. மழையில நிறுத்தாதீங்க. கொட்டகை?"

"யோவ் கொத்தனார்! இந்தச் சுவர்ல கை வைக்காதே. அடுப்பு அந்தப் பக்கம் போகட்டும்."

"காலையிலேர்ந்து சுத்தியலைப் பிடிச்சுக்கிட்டு டீதான் குடிச்சிட்டிருக்கேன் முதலாளி. நல்ல வேலைதான், நான் குறை சொல்லலை."

பேக்கரிக்காரர் இறங்கி, இம்முறை அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "ஒரு சுத்து நீங்க போயிட்டு வாங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும்."

அவள் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ஏற்றத்தைக் கடந்து பெரிய சாலைக்கு வந்ததும் இரண்டாம் கியருக்கு மாற்றினாள். முன்பலகையில் முள் நிறையும் பக்கம் சாய்ந்திருந்தது. பட்டையாகத் தேய்ந்த அந்தப் பெரிய ஸ்டியரிங் வட்டத்தை அவள் இரண்டு விரல்களால் பிடித்திருந்த விதத்தை என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"கஷ்டமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு" என்றாள். மூன்றாம் கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. "பேசாம வாங்க. எனக்குக் கேட்கணும்."