நீலியின் பாறைகளைக் கலைத்தல்

1

இக்கதை ஒரு நெகிழிப் பையினுள் தோன்றியது என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். என் நாத்தனார், தன் கணவன் வீட்டை விட்டு நிரந்தரமாக வந்த அன்று, அவளது ஒரு கையில் பெட்டியும் மறு கையில் நீர் நிறைந்த அந்தப் பையும் இருந்தன. பைக்குள் விரல் நீளத்தில் ஒரு மீன். முன்பாதி வெண்மை, பின்பாதி நெருப்பு. முதுகில் கொடிபோல் நிமிர்ந்த ஒரு துடுப்பு. அங்கே அவள் வளர்த்த கடல்மீன் தொட்டியிலிருந்து அவளால் எடுத்துவர முடிந்தது அது ஒன்றே.

வேறு விதமாகவும் தொடங்கிப் பார்த்தேன். "கடல் எனப்படுவது யாதெனில்—" (கைவிடப்பட்டது. கடலை நான் தொட்டியில் மட்டுமே கண்டிருக்கிறேன்.)

2

எங்கள் கூடத்திலும் ஒரு பவளத்தொட்டி உண்டு. அதன் அரசி நீலி என்னும் சிறு நீலமீன். சாதுவான மீன்களை முதலிலும் முரட்டு மீனைக் கடைசியிலும் விடுதலே முறை. நாங்களோ, முரடாயின் எதையும் தாங்கும் என்று கருதி நீலியை முதலில் விட்டோம். தொட்டி முழுவதும் தன் பெயரில் பட்டா ஆகிவிட்டதாக அது முடிவு செய்துகொண்டது. புதிய மீனைக் கண்டதும் துரத்தியது. வந்த மீன் பாறை இடுக்கில் ஒளிந்தது, இரைக்கும் வெளிவரவில்லை.

"மேல வலையை நல்லா மூடுங்க அண்ணி. பயந்தா தாவி வெளியே விழுந்துடும்," என்றாள் நாத்தனார்.

அவள் பெட்டி இன்னும் வாசற்கதவருகிலேயே நின்றது.

"பெட்டியைப் பிரிச்சு அடுக்கேம்மா."

"முதல்ல அது சாப்பிடட்டும். அதுக்கே இங்க ஒத்துவரலைன்னா நான் ஏதாவது ஹாஸ்டல் பாத்துக்கறேன்."

"நீ எங்க இருக்கணும்னு மீனா முடிவு பண்ணும்?" என்றார் என் கணவர்.

"உன் முடிவைக் கேட்டுத்தானே அண்ணா கல்யாணம் பண்ணேன்? மீனே தேவலாம்."*

* இவ்விடத்தில் என் கணவர் தேநீர் போடச் சென்றுவிட்டார். அவர் இக்கதைக்குள் திரும்பி வரவில்லை.

3

நாத்தனார் என்னும் பாத்திரத்தின்மீது எனக்கு ஐயம் உண்டு. முதல் வரைவில் அவளைத் தேள்நாக்குக்காரியாகப் படைத்தேன். நாத்தனார் என்றாலே வாசகர் அதைத்தான் எதிர்பார்ப்பர் என எண்ணினேன். உண்மையான நாத்தனாரோ, காபி குடித்த மறுகணமே கோப்பையைக் கழுவித் துடைத்து, மேடையின் ஓரத்தில் கவிழ்த்து வைக்கிறாள். எங்கள் கோப்பைகளோடு சேர்த்து வைப்பதில்லை. அத்தகையவளைக் கொண்டு சண்டைக்காட்சி அமைப்பது கடினம்.

ஆகவே வில்லி நீலியே என்று எழுதினேன். பின்னர் அதையும் அடித்தேன். நீலி தன் வீட்டைத்தான் காக்கிறது. அவ்வீட்டைக் கட்டியவளோ, (அடக்கத்தை விட்டுச் சொல்வதானால்) நான். ஒவ்வொரு பாறையையும் கோட்டைபோல் அடுக்கியவை என் கைகள். விருந்தினர் வியந்து நின்றதுண்டு.

4

மறுநாள் காலை நாத்தனார் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"பாறையைக் கலைக்கணும் அண்ணி. கலைச்சுட்டா நீலிக்கும் எல்லாம் புதுசு. யாருக்கும் எது யார் வீடுன்னு தெரியாது."

"நான் பாத்துப் பாத்து அடுக்கினதும்மா."

"தெரியும். அதான் நேத்தே சொல்லல."

நான் சட்டைக்கையை மேலே சுருட்டிக்கொண்டேன். கோட்டையைக் கல் கல்லாகப் பிரித்தோம்; ஒட்டி வளர்ந்த பவளங்கள் உரசாதபடி அவள் வாங்கி வாங்கி வேறிடத்தில் வைத்தாள். பிறகு நீரோட்ட மோட்டாரை நிறுத்தினோம். உறைபதம் நீங்கிய இறால் துணுக்குகளை அழுத்தினால் பீய்ச்சும் இரண்டு ரப்பர்க் குழாய்களில் எடுத்தோம். நீலிக்கு ஊட்ட இடக்கோடியில் நான், புது மீனுக்கு ஊட்ட வலக்கோடியில் அவள்.

"சேந்து அழுத்தணும். நான் முந்திட்டா நீலி இங்க வந்து நிக்கும்."

"நீ சொல்லும்மா."

"இப்போ!"

வாசலைக் காணாமல் தவித்த நீலி, இரையைக் கண்டதும் தவிப்பை ஒத்திவைத்தது. வலக்கோடியில், புதிய இடுக்கு ஒன்றிலிருந்து கொடித்துடுப்பு மட்டும் எட்டிப் பார்த்தது. பின்பு வெண்மை. ஒரு துணுக்கு அதன் வாயருகே மெல்ல இறங்கியது.

"அண்ணி, மூச்சு விடாதீங்க..."

5

இதற்கு இரு முடிவுகள் எழுதினேன்.

(அ) மீன் இரையைத் தொடவில்லை. அவள் பெட்டியைத்— (மேலே எழுதக் கை வரவில்லை.)

(ஆ) மீன் உண்டது. நீலியும் அதுவும் உயிர்த்தோழிகள் ஆயின. (பொய். நீலியை நான் அறிவேன்.)

மூன்றாவதைச் சிந்தித்தபடி இங்கே மேசையில் அமர்ந்திருக்கிறேன். பின்னறையில் பெட்டியின் ஸிப் ஓசை கேட்கிறது. திறந்தாலும் மூடினாலும் ஸிப்புக்கு ஓசை ஒன்றுதான் என்பதை, வாசகரே, நீங்களும் அறிவீர்கள். ஆதலின் பேனாவை உயர்த்திக் காத்திருக்கிறேன்.

"அண்ணி! வீட்ல ஹேங்கர் இருக்கா?"

மன்னியுங்கள், நான் ஹேங்கர் தேடப் போக வேண்டும். அந்தத் துணுக்கு இன்னும் மீனின் வாயருகே மிதக்கிறது. அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.