ட்ரை போடாதவன்

வியாழன் மாலை ஏழு முப்பத்தொன்றுக்கு, நேரலையில், கெராட் மக்லின்டியைக் காலணியைக் கழற்றச் சொன்னார்கள்.

ரக்பியில் எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தால் அது ட்ரை. சீசன் முழுக்க ஒரு ட்ரைகூடப் போடாத வீரன் பிறந்த மேனியாக மைதானத்தைச் சுற்ற வேண்டும். சிட்னியில் எந்த கிளப்பும் இதை எழுதி வைக்கவில்லை. யாரும் தப்பியதாகக் கேள்வியும் இல்லை. இந்த வருஷம் மைதானத்துக்குப் பதில் டிவிக்காரர்கள் தங்கள் கார் நிறுத்துமிடத்தைக் கொடுத்தார்கள். திரையில் இடுப்புக்குக் கீழே மங்கலாக்கிவிடுவார்களாம். நேரில் பார்க்க வந்தவர்களுக்கு யார் மங்கலாக்குவது?

வந்தவர்களில் கெராடின் காதலி லோசாவின் அப்பாவும் இருந்தார். பாஸ்டர் வைனிக்கோலோ. முன்வரிசை. பெண்ணைத் தருவதா என்று ஆறு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது ஆட்டத்துல போட்டேன். நடுவர் குடுக்கல," என்றான் கெராட்.

"போடுங்க அந்த வீடியோவ," என்றாள் நிகழ்ச்சியின் தொகுப்பாளினி நோலீன்.

திரையில் கெராட் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்தான். மேலே நான்கு பேர். பந்துக்கும் புல்லுக்கும் நடுவே யாருடைய கையோ.

"நூத்திப் பதினெட்டு கிலோ," என்றான் கூடத் தொகுத்த டெஸ். "அத்தனையும் கீழ போச்சு, பந்து மட்டும் போகலியேடா. ட்ரை இல்ல."

"கண்ணாடிய மாத்துய்யா. அது ட்ரைதான்," என்றாள் நோலீன்.

ஓட்டு ஒன்றுக்கு ஒன்று. டெஸ் மைக்கோடு முன்வரிசைக்கு இறங்கினான்.

"கோட்டு போட்ட பெரியவரே, நீங்க சொல்லுங்க."

கெராடுக்குத் தெரியும்: இந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டார்.

பாஸ்டர் வீடியோவை மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

"பந்து தரையில படல."

அரங்கம் கூரை பறக்கக் கத்தியது. லோசா முகத்தை மூடிக்கொண்டாள். கெராடுக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே சட்டையை உருவினான்.

பாஸ்டர் எழுந்தார். கோட்டைக் கழற்றி, மடித்து, மனைவி மடியில் வைத்தார்.

"பதினோரு வருஷம் நானும் ஆடினேன். ஒரு ட்ரை கிடையாது. பாஸ்டர் மகன்னு ஒருத்தனும் என்னை இப்படி அம்மணமா ஓட விடல."

"ஏங்க, உக்காருங்க! டிவில காட்டுறாங்க!"

அவர் டையைத் தளர்த்தினார். கேமராக்காரர் சிரிப்பில் குலுங்க, படமும் குலுங்கியது.

"மாப்ள, எந்தப் பக்கமா ஓடணும்?"