உருக்காத பவுண்

1998ஆம் ஆண்டு பெப்ரவரி இருபத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கனடாவின் ஸ்காபரோவில் நடந்த ஓர் இறுதிச் சடங்கில் குற்றமற்ற ஒருவன்மீது பழி சுமத்தப்பட்டது. சுமத்தியவர்கள் படித்தவர்கள். உண்மையை அறிந்த ஒருவர் அவ்விடத்திலேயே இருந்தார். அவர் அதைச் சொல்லவில்லை.

"நீதானே அவனைக் கூட்டிக்கொண்டு போனனீ?"

மைத்துனர் ஸ்ரீஸ்கந்தராசாவின் குரல் எழுந்தபோது, இரத்தினவேல் மகனின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். விரல் அங்கேயே நின்றது. பனிச்சரிவில் புதைந்து இறந்த மிதுனனின் நெற்றி இன்னும் மலையில் கிடப்பதுபோலக் குளிர்ந்திருந்தது.

கேள்வி, உடலோடு கல்கரியிலிருந்து வந்திறங்கிய நண்பன் சீமோனுக்கானது. அவன் தலைகுனிந்து நின்றான். விரல்களிலெல்லாம் கட்டுப் போட்டிருந்தது. மண்வெட்டி முறிந்த பின்னர் வெறுங்கையால் பனியைத் தோண்டியவன் அவன்.

"வீட்டு வாசல்ல கிடக்கிற ஸ்நோவை வழிக்கவே உங்களுக்குப் பஞ்சி. உதுக்குள்ள மலையில ஏறிச் சறுக்கு விளையாட்டோ? ஒண்டையும் பாராமல், கண்ணை மூடிக்கொண்டே இறங்கினனீங்கள்?"

பாராமலா? இரத்தினவேல் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார்.

முந்தைய திங்கட்கிழமை மாலை, மலைக் குடிலிலிருந்த வானொலித் தொலைபேசியில் மகன் பேசியிருந்தான்.

"அப்பா, நான் வர ரெண்டு நாள் பிந்தும். சரிவில குழி வெட்டிப் பாத்தனாங்கள். புதுப் பனிக்குக் கீழ சீனி மாதிரி ஒரு படை, ஒண்டோடொண்டு ஒட்டாமல் கிடக்கு. மண்வெட்டியால ரெண்டு தட்டுத் தட்ட மேல்படை அப்பிடியே வழுக்கி விழுந்திட்டுது. நடக்கேக்க காலுக்குக் கீழ 'வும்' எண்டு அமருற சத்தமும் கேக்குது. காத்து அடங்கின பிறகு, காட்டுப் பாதையால சுத்தி வாறம்."

தாலிக்குரிய பவுணை மாப்பிள்ளையான மிதுனனின் முன்னிலையில் உருக்கும் சடங்கை அந்த வெள்ளிக்கிழமைக்குக் குறித்திருந்தார்கள்.

"பொன்னுருக்குக்கு ஆசாரியாருக்குச் சொல்லியாச்சு. வைச்ச நாளை மாத்தேலாது, தம்பி. பொம்பிளை வீட்டாருக்கு நான் என்ன சொல்லுறது? மாப்பிள்ளை பனிக்குப் பயந்து குந்தியிருக்கிறாரெண்டோ?"

இரைச்சலுக்கு நடுவே, மகனின் பக்கத்தில் சீமோன், "வரேலாதெண்டு சொல்லடா" என்றது தெளிவாகவே கேட்டது.

"அப்ப சரிவைக் கடந்துதான் வரவேணும், அப்பா."

"எதாலயாவது வா."

"சரி. வாறன்."

மண்டபத்தில் எல்லாரும் சீமோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒருமுறை நிமிர்ந்து இரத்தினவேலைப் பார்த்தான். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அது இல்லை.

"ஓம், அங்கிள்," என்றான் ஸ்ரீஸ்கந்தராசாவிடம். "என்ர பிழைதான். நான்தான் கெதியாய்ப் போவமெண்டு அவனை அவசரப்படுத்தினனான்."

"கேட்டியளே! தன்ர வாயாலயே சொல்லுறான்!"

இரத்தினவேல் ஓரடி முன்னே வைத்தார். உதடுகள் பிரிந்தன. அப்போது பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி அமர்ந்திருந்த பாலேஸ்வரி, கணவரின் சால்வையைப் பற்றினார்.

"கடைசியாய் உங்களோடதானே கதைச்சவன். பிள்ளை என்னப்பா சொன்னவன்?"

சீமோன் கட்டுப்போட்ட கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"வாறன் எண்டவன்," என்றார் இரத்தினவேல்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பாலேஸ்வரி அதைக் கேட்டுக் குரலெடுத்து அழுதார். ஐயர் வாய்க்கரிசிக்கு அழைத்தார். இரத்தினவேல் முதலில் போட்டார். சீமோன் கிட்ட வந்தபோது ஸ்ரீஸ்கந்தராசா குறுக்கே நின்றார். அவன் வெளியே போய்விட்டான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், பனி தூவும் வாகனத் தரிப்பிடத்தில் அவன் தொப்பியில்லாமல் நிற்பது பெட்டி மூடப்படும்வரை தெரிந்தது.

அன்றிரவு வீட்டுச் சாமியறையில், மஞ்சள் பூசிய பவுண் வெற்றிலைமேல் அப்படியே இருந்தது. வெற்றிலை வாடியிருந்தது. இரத்தினவேல் விளக்கை ஏற்றினார்; பவுணைத் தொடவில்லை.

சீமோன் இப்போது ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் தாயாருடன் வசிக்கிறான். நம்மவர் கலியாணங்களுக்கு வந்தால் கடைசி வரிசையில் அமர்கிறான். அருகிலிருப்போர் எழுந்து வேறிடம் போகிறார்கள். வாசகரே, அவனிடம் எதையும் கேளாதீர். அவனுக்குப் பக்கத்துக் கதிரையில் போய் அமரும்.